குந்த முடியாத காலுக்கு ஒரு பூட்ஸ்

என் ஆச்சிக்கு 81 வயது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில், வெயில் ஏறுவதற்குள் முருங்கைக்கீரை ஆய்ந்துவிட வேண்டும் என்று சுளகோடு வந்து உட்காருவாள். முக்காலி கிடையாது, மணைப்பலகை கிடையாது. அப்படியே குந்தி உட்காருவாள். இரண்டு குதிகாலும் சிமெண்டுத் தரையில் அழுந்தப் பதிந்திருக்கும். முட்டி மார்பைத் தொடும். அரை மணி நேரம் அசையமாட்டாள்.

2023 மே மாதத்தில் ஒரு காலை, அவளுக்கு எதிரே நானும் அப்படி உட்காரப் பார்த்தேன். வலது கால் மடங்கியது. இடது கால் பாதி வழியில் நின்றுகொண்டது. குதிகால் தரையைவிட்டு இரண்டு விரற்கடை எழும்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது பின்பக்கம் சாய்ந்து, தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். ஆச்சி கீரையை வைத்துவிட்டு, என் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே தன் விரல்களை நுழைத்துப் பார்த்தாள். "இது பதிகிற வரைக்கும் நீ எங்கேயும் போக வேண்டாம்" என்றாள்.

அந்த இரண்டு விரற்கடைதான், ஆறு மாதம் கழித்துக் கனடாவில் நான் எந்த ஸ்னோபோர்டு பூட்ஸ் வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. கணுக்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மறுபடியும் பனிக்குப் போக ஆசைப்படும் தமிழர்கள் சிலராவது இருப்பார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கால்கரி நகரத்தில் எனக்கு ஆறு வருடமாக வேலை. அங்கிருந்து ராக்கி மலைத்தொடரின் சறுக்குமலைகளுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் போவதுபோலத்தான். மூன்றாவது குளிர்காலத்தில் ஸ்னோபோர்டு கற்றுக்கொண்டேன். இரண்டு காலையும் ஒரே பலகையில் குறுக்குவாட்டில் பிணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று மலைச்சரிவில் இறங்குவது. விரல் பக்கத்து விளிம்பிலும் குதிகால் பக்கத்து விளிம்பிலும் மாறி மாறிச் சாய்ந்தால் பலகை வளைந்து வளைந்து போகும். அந்தச் சாய்வு முழுவதும் கணுக்காலில்தான் தொடங்குகிறது.

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, இறுகிப்போன பனியில் பலகையின் விளிம்பு மாட்டிக்கொண்டது. உடம்பு சுழன்றது. பலகையோடு கட்டுண்ட முன்கால் சுழலவில்லை. கணுக்காலின் வெளிப்புற எலும்பு முறிந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் உள்ளே போயின.

மருத்துவமனையில் படுத்திருந்தபோது எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். என் பூட்ஸ் மிகக் கடினமானது. கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்வார்கள்; என்னுடையது 8. கணுக்காலுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் கடினமானதையே வாங்குங்கள் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினேன். அந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, ஒரு கம்பெனியின் 6 இன்னொரு கம்பெனியின் 8 ஆக இருக்கலாம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. பூட்ஸ் கொஞ்சமும் மடங்கவில்லை, அதைப் பலகையோடு பிணைக்கும் பிடியும் கழலவில்லை. உள்ளே இருந்த கால் எப்படி முறிந்தது?

கொலராடோ மாநிலத்துச் சறுக்குமலைகளில் நேர்ந்த ஸ்னோபோர்டு காயங்களைப் பற்றி 1998இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மொத்தம் 3213 காயங்கள். அவற்றில் 491 கணுக்காலில் நேர்ந்தவை. மென்மையான பூட்ஸ், கடினமான பூட்ஸ், இரண்டுக்கும் நடுவிலானது என்று பிரித்துப் பார்த்தும், பாதம், கணுக்கால் காயங்களின் மொத்த எண்ணிக்கைக்கும் பூட்ஸின் வகைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணவில்லை என்று எழுதியிருந்தார்கள். படுக்கையில் கிடந்தபடி அந்த வரியைப் பலமுறை படித்தேன்.

அதே ஆய்விலிருந்து இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த 491இல் 74 பேருக்கு முறிந்தது தாலஸ் என்ற எலும்பின் வெளிப்புற முனை. கெண்டைக்கால் எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது தாலஸ். மற்றவர்களுக்கு அரிதாக வரும் இந்த முறிவு ஸ்னோபோர்டில் போகிறவர்களுக்கு அடிக்கடி வருவதால், மருத்துவர்கள் அதற்கு அந்த விளையாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். வலியும் வீக்கமும் சுளுக்குப் போலவே இருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தப்பிவிடும், சி.டி. ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். நம் ஊர்ப்பக்கம் கணுக்கால் வீங்கினால் முதலில் எண்ணெய் போட்டுச் சுளுக்கு தடவத்தான் கூட்டிப்போவார்கள். தடவுகிறவர்களின் கைநேர்த்தியை நான் குறைத்துப் பேசவில்லை. சிறுவயதில் எனக்கே பலமுறை குணமாகியிருக்கிறது. ஆனால் பனியில் விழுந்து, கணுக்காலின் வெளிப்புறத்தில் புடைத்திருக்கும் எலும்புக்குச் சற்றுக் கீழே ஊன்ற முடியாமல் வலிக்கிறது என்றால், தயவுசெய்து யாரையும் தடவ விடாதீர்கள். ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

ஏப்ரலில், ஊன்றி நடக்கலாம் என்று அனுமதி கிடைத்ததும் ஊருக்கு வந்துவிட்டேன். அலுவலகம் ஒத்துக்கொண்டது. கால்கரிக்கும் நமக்கும் கோடையில் பதினொன்றரை மணி நேர வித்தியாசம் என்பதால் இரவெல்லாம் பட்டாசலில் உட்கார்ந்து வேலை, காலையில் கால் பயிற்சி.

பாளையங்கோட்டையில் எனக்குக் கிடைத்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு ஸ்னோபோர்டு என்றால் என்ன என்று தெரியாது. கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினேன். இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். "முட்டி எப்போதும் மடங்கியே இருக்கிறதே. அப்படியென்றால் கணுக்காலும் முன்னால் மடங்க வேண்டும். உங்கள் கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்போம்" என்றார்.

சோதனை எளிமையானது. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். குதிகாலைத் தூக்காமல் முட்டியை முன்னால் வளைத்துச் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற வரைக்கும் பாதத்தைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போய், பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். வலது காலில் 11 சென்டிமீட்டர் வந்தது. இடது காலில் 3.

அந்த 3ஐ 7 ஆக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. குறுக்குத்துறைப் படித்துறையில்தான் பாதிப் பயிற்சி. படியில் ஏறுவது சுலபம். இறங்குவதில்தான் கால் உண்மையைச் சொல்லும். ஒரு கால் கீழ்ப்படிக்குப் போகும்போது மேல்படியில் நிற்கும் கால் குதிகாலோடு பதிந்து மடங்கிக் கொடுக்க வேண்டும். என் இடது கால் மடங்காமல், குதிகாலைத் தூக்கித் தூக்கிச் சமாளித்தது. விடியற்காலையில் தாமிரபரணித் தண்ணீர் குளிர்ந்து ஓட, குளிக்க வந்தவர்கள் குடத்தோடும் துணியோடும் என்னைக் கடந்து போக, ஒரே ஒரு படியில் ஏறியும் இறங்கியும் நின்றிருப்பேன். ஒரு காலில் தலையணைமேல் நிற்பது, ஒற்றைக் காலில் நுனிவிரலால் எழும்பி இறங்குவது, ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் தள்ளுவது என்று வீட்டில் வேறு வேலைகள். காலை வெளிப்பக்கமிருந்து தாங்கிப் பிடிப்பவை அந்தத் தசைகள்தான். அவை தூங்கிக்கொண்டிருந்தால் எந்தத் தோலும் ரப்பரும் அவற்றுக்கு ஈடாகாது.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வந்த கால்கரி நண்பர், நான் கேட்டபடி என் பழைய பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏன் கேட்டேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. காலை முறித்த பொருளை ஒருமுறை கையில் வைத்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் அதை எடுத்துப் போனேன். சர்க்கரை நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்து கொடுப்பவர்; அப்பாவுக்கும் அவர்தான் செய்கிறார். ஒரு பூட்ஸை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன தாயி, செங்கல் கனம் இருக்கிறது" என்றார். முடிச்சை அவிழ்த்தார். லைனர் என்று சொல்லப்படும் பஞ்சு உள்ளுறையை உருவி வெளியே எடுத்தார். வெளிக்கூட்டை அவர் பார்க்கவே இல்லை. உள்ளுறைக்குள் கையை முழங்கை வரைக்கும் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே விட்டார்.

"குதிகால் இருக்கிற இடம். அங்கே தடவிப் பாருங்கள்."

சுற்றியுள்ள துணி சொரசொரப்பாக இருந்தது. குதிகாலின் பின்பக்கத்தில் மட்டும், கட்டைவிரல் நீளத்துக்கு, ஒரு கோடு வழவழவென்று கண்ணாடிபோல் தேய்ந்திருந்தது.

"ஏறி ஏறி இறங்கியிருக்கிறது. கால் ஒருநாள்கூட இதற்குள் உட்காரவில்லை" என்றார்.

மூன்று வருடக் கடைப்பேச்சும் இணையத்தில் படித்தவையும் சொல்லாததை அந்த வழவழப்பு சொல்லிவிட்டது. நான் வாங்கியது என் காலைவிட ஓர் அளவு பெரியது. தடித்த காலுறை இரண்டு போட்டு அதை நிரப்பிவந்தேன். வெளிக்கூடு கல்போல நின்றது. அதற்குள் குதிகால் தூக்கிக்கொண்டும் திரும்பிக்கொண்டும் இருந்தது. பலகை திரும்பும்போது பூட்ஸ் திரும்பும். கால் ஒரு கணம் பிந்தித் திரும்பும். அந்த ஒரு கணத்தில்தான் எலும்பு போயிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அன்று இரவு வேலை ஓடவில்லை. ஆச்சியின் விரல் நுழைந்த இடைவெளியும் அண்ணாச்சி காட்டிய தேய்மானமும் மனதில் ஒன்றாய்ச் சேர்ந்தன. குதிகால் இரண்டு காரணங்களால் எழும்பலாம். பூட்ஸ் தளர்வாக இருந்தால் எழும்பும். கணுக்கால் மடங்காவிட்டாலும் எழும்பும். முறிவதற்கு முன் எனக்கு முதல் காரணம் இருந்தது. முறிந்த பிறகு இரண்டாவதும் வந்து சேர்ந்தது. இந்தக் காலோடு கடைக்குப் போய் இன்னும் கடினமான பூட்ஸ் வாங்கியிருந்தால் இரண்டுமே தீர்ந்திருக்காது. மடங்காத கணுக்காலை மடங்காத கூட்டுக்குள் வைத்தால், முட்டியை வளைக்கும் ஒவ்வொரு முறையும் குதிகாலுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை.

கடினம் கூடும்போது விசை மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது என்பதற்கும் பழைய சான்று இருக்கிறது. ஒவ்வொரு காலுக்கும் தனித்தனிப் பலகை மாட்டிச் சறுக்கும் ஸ்கீ விளையாட்டில் 1970களில் உயரமான, கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸ் பரவியபின் கணுக்கால் முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. அதன் பிறகான காலத்தில் முட்டிக்குள் இருக்கும் முன்குறுக்குத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுவது அந்த விளையாட்டின் பெரிய காயமாக எழுந்தது. அதற்குப் பூட்ஸ் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணுக்காலைச் சிமெண்டில் புதைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் இனி நம்பமாட்டேன்.

அண்ணாச்சியிடம் மறுநாளே போனேன். பிசியோதெரபிஸ்ட் அம்மா எழுதிக்கொடுத்த சீட்டின்படி, கெட்டி ரப்பரில் குதிகாலுக்கு அடியில் வைக்கும் ஆப்பு இரண்டு வெட்டித் தந்தார். பின்பக்கம் 6 மில்லிமீட்டர், முன்னால் வரவர ஒன்றுமில்லாமல் சரியும். குதிகாலுக்கு அடியில் அந்த உயரம் இருந்தால், கணுக்கால் மடங்க வேண்டிய அளவு அவ்வளவுக்குக் குறையும். ஒரு காலுக்கு மட்டும் வைத்தால் இடுப்பு சாயும் என்று இரண்டுக்கும் வைக்கச் சொன்னார் அந்த அம்மா. இதற்குமேல் உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் பாதம் முழுவதும் மேலே வந்து குதிகால் தன் குழியைவிட்டு வெளியேறிவிடும் என்றும் எச்சரித்தார்.

தகடு இருந்த இடம் வேறு கதை. கணுக்காலின் வெளிப்புறத்தில், தோலுக்கு அடியிலேயே, இரண்டு திருகாணித் தலைகள் மிளகுபோலத் துருத்திக்கொண்டிருந்தன. அதன்மேல் எது அழுத்தினாலும் உயிர் போகும். அண்ணாச்சி மென்மையான எம்.சி.ஆர். ரப்பரில் குதிரை லாடம் போல ஒரு துண்டு வெட்டினார். நடுவில் அந்தத் திருகாணிகளுக்கு இடம் விட்டு, சுற்றிலும் மட்டும் அழுத்தம் விழும்படி. ஓரங்களைக் கத்தியால் சீவிச் சீவி, மீன் செதிலின் விளிம்புபோல மெலிதாக்கினார். "விளிம்பு தடித்திருந்தால் அதுவே குத்தும்" என்றார். உள்ளுறையின் உள்பக்கத்தில் ஒட்டாமல் வெளிப்பக்கத்தில் ஒட்டச் சொன்னார். கடையில் விற்கும் நல்ல பூட்ஸ்களிலும் கணுக்கால் குழியைச் சுற்றி இதேபோன்ற வளைந்த திண்டுகளை உள்ளுறைக்கு வெளியேதான் வைக்கிறார்கள் என்று பின்னால் பார்த்தேன். அவர் அதையெல்லாம் பார்த்ததே இல்லை.

நவம்பரில் கால்கரியில் ஒரு கடைக்கு அந்த ஆப்பையும் லாடத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் போனேன். அறுவைச் சிகிச்சை செய்த கால் மாலையில் வீங்கும், பனியில் நாள் முழுக்க நின்றாலும் வீங்கும். ஊரில் எடுத்த சுற்றளவை நம்பவில்லை. சித்திரை வெயிலில் என் இடது கணுக்கால் வலதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் பருத்திருந்தது. கனடாக் குளிரில் அது பாதியாகக் குறைந்துவிட்டது. ஊர் அளவுக்கு வாங்கியிருந்தால் மறுபடியும் தொளதொளவென்றுதான் இருந்திருக்கும்.

பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்லும் எண்தான் பூட்ஸின் உண்மையான அளவு. தெருவில் போடும் ஷூவின் எண்ணை மறந்துவிடுங்கள். மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே ஒன்று. நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முட்டியை வளைத்ததும் விரல் பின்வாங்கி விடுபட வேண்டும். புதிதில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் தெரியும். சில நாள் போட்டால் உள்ளுறை அமுங்கி இடம் கொடுத்துவிடும். கடையில் இதமாக இருப்பது பத்து நாளில் தளர்ந்துவிடும்.

பிறகு அந்தச் சுவர்ச் சோதனையைப் பூட்ஸோடு செய்தேன். முட்டியை வளைத்துக்கொண்டு நிற்க, கடையில் இருந்த பெண் பூட்ஸின் குதிகாலைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். உள்ளே என் குதிகால் எழும்புகிறதா என்பதை மட்டும் கவனித்தேன். ஏழு ஜோடி போட்டேன். ஐந்தில் எழும்பியது. மிச்சம் இரண்டில் ஒன்று கடினம் 8, இன்னொன்று 5. எட்டில் முட்டி முன்னால் போகவே இல்லை. ஐந்தில் சீராக மடங்கி, சீராகத் திரும்பி வந்தது. ஐந்தை எடுத்தேன். ஓராண்டுக்கு முன் என்றால் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டேன்.

இறுக்கும் முறையில் எனக்கு இன்னொரு கவலை இருந்தது. தழும்பை ஒட்டி, பாதத்தின் மேற்புறத்தில் உள்ளங்கை அளவு இடம் இன்றுவரை மரத்துப்போயிருக்கிறது. மரத்த இடம் இறுக்கத்தைச் சொல்லாது. வழக்கமான கயிறு நன்றாகவே பிடிக்கும், ஆனால் விறைத்த கையால் அவிழ்த்துக் கட்டுவது சிரமம். 2001 முதல் இந்தப் பூட்ஸ்களில் வரும் போவா என்ற திருகில், வட்டமான குமிழைத் திருகினால் எஃகுக் கம்பி இறுகும். ஒரே திருகு உள்ளவை மேலும் கீழும் சேர்த்து இறுக்கின. இரண்டு திருகு உள்ளதில் கணுக்கால் பகுதியை நன்றாக இறுக்கிவிட்டு, பாதத்தின் மேற்புறத்தை ஒரு நூல் தளர்த்திவைக்க முடிந்தது. அதையே வாங்கினேன். இப்போதும் ஒவ்வொரு இறக்கத்தின் முடிவிலும் பூட்ஸுக்குள் விரல்களை மடக்கிப் பார்ப்பேன். மடங்கவில்லை என்றால் தளர்த்திவிடுவேன்.

உள்ளுறையைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்குப் பதியவைக்கும்போது அண்ணாச்சியின் லாடத்தை ஒட்டிவைத்தே செய்யச் சொன்னேன். கடைப்பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். பாளையங்கோட்டை என்றேன். எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன்.

பூட்ஸுக்குள் கணுக்கால் பட்டையும் போட்டுக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். போடுவதென்றால் அதைப் போட்டுக்கொண்டே பூட்ஸை அளந்து வாங்க வேண்டும். பின்னால் திணித்தால் குதிகால் இடம் மாறிவிடும். நான் போடவில்லை. எலும்பு முழுவதும் கூடியிருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்து அறுவைச் சிகிச்சை நிபுணர் சொன்னதும், ஒற்றைக் காலில் இருபது முறை நுனிவிரலால் எழும்பி இறங்க முடிந்ததும்தான் மலைக்குப் போனேன். அது ஜனவரி கடைசி. குழந்தைகள் பழகும் சரிவில், ஒரு மணி நேரம் மட்டும். விரல் பக்கத்து விளிம்பில் சாயும்போது குதிகால் எழும்புமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எழும்பவில்லை. சரிவின் அடியில் பனியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

இரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது. ஆப்பு அப்படியே இருக்கிறது. லாடத்தின் ரப்பர் ஒரு பக்கம் அமுங்கி, திருகாணிகள் மறுபடியும் லேசாக உறுத்தத் தொடங்கியிருக்கின்றன. நண்பர் இந்த வருடமும் ஆடித்தபசுக்குப் போகிறார். பழைய துண்டைக் காகிதத்தின்மேல் வைத்து விளிம்பைப் பென்சிலால் வரைந்து, அமுங்கிய இடத்தில் பெருக்கல் குறி போட்டு, அவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு ஜோடியாக வெட்டித் தரும்படி அண்ணாச்சியிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.